கடலோரப் பங்குகளில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

கேள்வி கேட்டவர்: பங்குப்பேரவை இளைஞர்

இயேசுவுக்கே புகழ். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், மீன்பிடித் தொழிலையே நம்பியிருக்கும் ஒரு கத்தோலிக்கப் பங்கில் பேரவை உறுப்பினராக இருக்கிறேன். திருவிழாக் கொடியேற்றத்தன்று எங்கள் கோவில் வளாகத்தில் நிற்க இடம் இருக்காது. தேர்ப்பவனிக்குச் சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்ப்பவர்கள்கூட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆனால் சாதாரண ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் இளைஞர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிலர் எந்த வழிபாட்டுக்கும் போவதில்லை. வேறு சிலர் ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் நடக்கும் ஜெபவீட்டுக்குப் போகிறார்கள். திருமணத்துக்கும் குழந்தையின் திருமுழுக்குக்கும் மட்டும் எங்களிடம் திரும்பி வருகிறார்கள்.

இதைப் பற்றிப் பேரவையில் நீண்ட நேரம் பேசினோம். திருப்பலிப் பாடல்களுக்கு டிரம்ஸ் வேண்டும், பாடல் வரிகளுக்குத் திரை வேண்டும், ஒன்பது நாள் நவநாளை மூன்று நாளாகச் சுருக்க வேண்டும், தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பதை நிறுத்த வேண்டும் என்று இளைஞர் அணியினர் கேட்டார்கள். தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து வருவதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று மூத்தவர்கள் உறுதியாக நின்றார்கள். இரு தரப்பையும் கேட்ட பங்குத்தந்தை, அடுத்த கூட்டத்துக்குள் ஒரு வரைவை எழுதிக் கொண்டுவரும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்.

எதை இழந்தால் நாம் கத்தோலிக்கராக இருக்க மாட்டோம்? எது வெறும் பழக்கம்? இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் என் கேள்வி. இதே நிலைமையைச் சந்தித்தவர்கள், வேறு சபையினராக இருந்தாலும், எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், தொண்டிப் பக்கம்

தம்பி, நீங்கள் கேட்ட கோட்டை நம் மாவட்டத்து மண்ணிலேயே ஒருவர் தம் உயிரைக் கொடுத்துப் போட்டிருக்கிறார். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரைத்தான் சொல்கிறேன். லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்த அவர் இங்கே வந்து காவி உடுத்தினார், புலால் உண்பதை விட்டார், பண்டார சுவாமிகளைப் போல வாழ்ந்தார். 1686இல் மறவர் சீமையில் சிறைப்பட்டு, இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று விரட்டப்பட்ட பிறகும், ஐரோப்பாவுக்குப் போய்விட்டுத் திரும்ப இங்கேதான் வந்தார். உடை, உணவு, பேச்சு, பழக்கவழக்கம் என்று எதை மாற்றிக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. ஆனால் திருமுழுக்குக் கேட்டு வந்த, பல மனைவியரைக் கொண்டிருந்த மறவர் தலைவர் தடியத்தேவரிடம், ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்பதில் அவர் இம்மியளவும் இறங்கி வரவில்லை. விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் மறவர் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். கொலைக்கு அதுவே காரணமாயிற்று. இன்றைக்கும் ஓரியூர்ச் செம்மண்ணை எல்லாச் சமயத்தாரும் நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள். அந்த மண்ணை எடுத்துக்கொண்டு வரும் நம் ஆட்கள், அவர் எதை விட்டுக்கொடுத்தார், எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

மூத்தவர்களிடமும் ஒன்றைப் பணிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பூசை உதவி செய்த சிறுவயதில் திருப்பலி முழுவதும் இலத்தீனில்தான் நடந்தது. குருவானவர் நமக்கு முதுகு காட்டி நிற்பார். மக்கள் பின்னால் முழந்தாளில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பிறகுதான் தமிழ்த் திருப்பலி படிப்படியாக வந்தது. தரையில் அமர்வது, கைகூப்பி வணங்குவது, குத்துவிளக்கு, ஆரத்தி ஆகியவற்றை வழிபாட்டில் சேர்த்துக்கொள்ள இந்தியத் திரு அவைக்கு 1969இல்தான் ரோமிலிருந்து அனுமதி கிடைத்தது. ஆகையால் இன்று நாம் 'பரம்பரை' என்று காக்க நினைப்பதில் ஒரு பெரும் பகுதி என் ஆயுளுக்குள் நடந்த மாற்றம். அப்போதும் ஊரில் சண்டை நடந்தது. தமிழில் பூசை செய்தால் அது பூசையாகுமா என்று என் பாட்டியே கேட்டிருக்கிறார்.

உங்கள் வரைவுக்கு உதவும் ஒரு வேறுபாட்டை அதே சங்க ஏடு சொல்கிறது. திருப்பலிச் சடங்கில் எதையும் தம் விருப்பப்படி கூட்டவோ, குறைக்கவோ, மாற்றவோ குருவானவருக்குக்கூட உரிமையில்லை. நவநாள், வியாகுலப் பிரசங்கம், பாஸ்கு நாடகம், தேர்ப்பவனி போன்றவை அப்படியல்ல. அவை மக்கள் பக்தி முயற்சிகள். அவற்றின் நாளையும் நீளத்தையும் பற்றிப் பங்குத்தந்தையோடு அமர்ந்து நீங்கள் தாராளமாகப் பேசலாம். டிரம்ஸ் என்பது பாடற்குழு சம்பந்தப்பட்ட சின்ன விஷயம். அதில் பேரவையின் நேரத்தைச் செலவிடாதீர்கள். கைதட்டிப் பாடுவதையும் உரக்கச் செபிப்பதையும் விரும்புகிறவர்களுக்கு அருங்கொடை இயக்கம் நம்மிடமே இருக்கிறது. 1967இல் அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்து மாணவர்களிடையே தொடங்கிய அந்த இயக்கம், நற்கருணையையும் அன்னை மரியா மீதுள்ள பக்தியையும் விடாமலேயே அந்த உற்சாகத்தைத் திரு அவைக்குள் கொண்டுவந்தது.

பதில்: பாம்பன் வாசகி

ஆசிரியர் ஐயா எழுதியதை மதிப்போடு படித்தேன். ஆனால் இந்தப் பேச்சு முழுவதும் கோவிலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

என் தங்கையின் கணவர் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கையில் சிறையில் இருந்தார். படகும் போய்விட்டது. கைப்பிள்ளையோடு தங்கை இருந்த வீட்டுக்கு எங்கள் அன்பியத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்பியம் என்பதே அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி இறைவார்த்தை வாசிப்பதற்கும் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதற்கும் ஏற்பட்டது. எங்கள் தெருவிலோ அது மாதத்துக்கு ஒரு முறை செபமாலை சொல்லி, சுண்டல் கொடுத்து, திருவிழா வரியை வசூலித்துவிட்டுக் கலைகிற கூட்டமாக ஆகியிருந்தது. ஜெபவீட்டுப் பெண்கள் அப்படி இருக்கவில்லை. பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய ஈரச் சேலையோடு, விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல், நேராகத் தங்கை வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் குழந்தையை வாங்கிக்கொள்வார். ஒருவர் அடுப்பைப் பற்றவைப்பார். மீன்வளத்துறைக்கு எழுத வேண்டிய மனுவை எப்படி எழுதுவது, வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்கிறது என்பதை யாரிடம் கேட்பது என்றெல்லாம் அவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவர் மகனும் முன்பு அதேபோல் பிடிபட்டவன். பிறகுதான் ஜெபம் செய்தார்கள். இப்போது என் தங்கை ஞாயிறுதோறும் அங்கே போகிறாள். அவளை என்னால் எந்த முகத்தோடு கண்டிக்க முடியும்?

இருந்தாலும் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று அவள் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். இறந்தவர்களுக்காகச் செபிப்பதை அந்த ஜெபவீட்டில் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனாலும் அம்மாவின் கல்லறையில் புல்லைப் பிடுங்கி, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்வரை நின்றாள். கடலில் போய் உடல்கூடக் கிடைக்காதவர்கள் எங்கள் ஊரில் எத்தனை குடும்பங்களில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அவர்களின் பெயரைத் திருப்பலியில் சொல்லி மன்றாடுவது எங்களிடம் இருக்கிறது. அதை யாரும் பழைய பழக்கம் என்று சொல்லி எடுத்துவிடாதீர்கள். நவநாளை மூன்று நாளாக்குங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. இறந்தவர்களுக்கான மன்றாட்டைக் குறைத்தால் எங்கள் பெண்கள் உங்களோடு சண்டைக்கு வருவார்கள், நானும் வருவேன்.

பதில்: முன்னாள் பங்கு உறுப்பினர்

ஸ்தோத்திரம் சகோதரரே. நான் உங்களைப் போன்ற ஒரு பங்கில் வளர்ந்து, இப்போது பெந்தெகொஸ்தே சபையில் இருப்பவன். குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை. பாம்பன் அக்காவின் பதிலைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

நான் இசைக்காக இங்கே வரவில்லை. பங்கில் இருந்தவரை பைபிளை என் கையில் கொடுத்து 'நீ வாசி, உனக்கு என்ன தோன்றுகிறது சொல்' என்று யாரும் கேட்டதில்லை. இங்கே வந்த முதல் வாரமே கேட்டார்கள். ஏழாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். எழுத்துக்கூட்டி வாசித்தேன், யாரும் சிரிக்கவில்லை. குடியை விட்டதும் இங்கேதான். தடுமாறிய நாட்களில் இரவு பதினொரு மணிக்கு அழைத்தாலும் போதகர் எழுந்து வந்தார். சுரூபங்களைப் பற்றியும் பரிசுத்தவான்களை நோக்கி வேண்டுவதைப் பற்றியும் என் நம்பிக்கை உங்களுடையது அல்ல. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் டிரம்ஸ் வாங்கி வைத்தால் நாங்கள் திரும்பி வந்துவிடுவோம் என்று உங்கள் இளைஞர் அணி நினைத்தால், அது நடக்காது. அது எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும் மனம் இன்னும் ஏங்குகிறது. யாழ்ப்பாணத்துக்காரர்களும் நம் ஆட்களும் ஒரே மணலில் அமர்ந்து சிலுவைப்பாதை செய்த அந்த மாலை வேறு எந்தச் சபையிலும் கிடைக்காது.

பதில்: சி.எஸ்.ஐ. சபையார், ராமநாதபுரம்

வேறு சபையினரும் எழுதலாம் என்று கேட்டதால் எழுதுகிறேன். எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற இதே கேள்வியை எங்கள் முன்னோர்கள் 28 ஆண்டுகள் பேசினார்கள். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய இந்தியப் போதகர்கள், பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை அதில் இணைந்தன. எங்கள் மதுரை-ராமநாதபுரம் திருமண்டலமே இதற்குச் சான்று: மதுரைப் பக்கத்தில் ஆயர் என்ற பதவியே இல்லாத அமெரிக்க மிஷன் சபைகள், ராமநாதபுரத்தில் ஆயர் ஆளுகையை உயிராக நினைத்த ஆங்கிலிக்கன் சபைகள்.

அவர்கள் கண்ட வழி உங்களுக்குப் பயன்படலாம். வேதாகமம், இரண்டு விசுவாசப் பிரமாணங்கள், திருமுழுக்கு மற்றும் திருவிருந்து என்னும் இரண்டு சாக்கிரமெந்துகள், வழிவழியாக வரும் ஆயர் பணி என நான்கை மட்டும் அடித்தளமாக வைத்தார்கள். ஆங்கிலிக்கன் ஆயர்கள் 1888இல் லாம்பெத் மாநாட்டில் ஏற்றுக்கொண்ட நான்கு அம்சங்கள்தான் அவை. மற்றவற்றில் அந்தந்தச் சபை தன் பழக்கத்தைத் தொடரலாம். புதிய திருவிருந்து ஆராதனை முறை 1950இல் வந்தபோதுகூடப் பழைய முறைகளை எவரும் பிடுங்கவில்லை. குறைந்த அம்சங்களை வைத்துக்கொண்டு, அவற்றில் உறுதியாக நின்றார்கள்.

ஆனால் இதனால் எங்கள் இளைஞர்கள் எங்களோடு நின்றுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். எங்கள் பிள்ளைகளும் தனிச் சபைகளுக்குப் போகிறார்கள். எங்கள் சபையில் திரையும் இருக்கிறது, கிட்டாரும் இருக்கிறது. ராமநாதபுரத்தில் எங்கள் சபையின் பெயரை எல்லாச் சமூகத்தாரும் சொல்வது எதனால் என்று யோசித்தால், மிஷனரி ஷ்வார்ட்ஸ் பெயரைத் தாங்கிய பள்ளியால்தான். அப்துல் கலாம் படித்த பள்ளி அது. பிறருக்காக ஒரு காரியத்தை நன்றாகச் செய்த இடத்தில்தான் எங்கள் அடையாளமும் நிலைத்திருக்கிறது. பள்ளி நடத்துவது உங்களுக்குப் புதிதல்ல. உங்கள் ஊருக்கு இன்று எது தேவை என்று கேட்டுப் பாருங்கள்.

பதில்: விசைப்படகு உரிமையாளர், ராமேஸ்வரம்

எல்லாரும் பெரிய விஷயங்களைப் பேசுகிறீர்கள். நான் நேரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எங்கள் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குப் போகின்றன. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில்தான் கரைக்கு வருகிறது. திருப்பலி மணி அடிக்கும்போது எங்கள் பையன்கள் இறங்குதளத்தில் இறாலைத் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, எடை பார்த்து, வியாபாரியிடம் கணக்கு முடித்துக்கொண்டிருப்பார்கள். இரவு முழுவதும் கண்விழித்தவன் அதற்குப் பிறகு குளித்துவிட்டுப் படுக்கத்தான் போவான். அவனைப் பற்றிப் பிரசங்க மேடையிலிருந்து 'நம்பிக்கை குறைந்துவிட்டது' என்று சொல்லும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. ஜெபவீட்டில் கூட்டம் ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு. அங்கே அவன் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

ஞாயிறு மாலைத் திருப்பலி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாட்கள் அத்தனை பேரும் கரையில் வலை பின்னிக்கொண்டு இருக்கிறார்கள். தியானமோ பைபிள் வகுப்போ எதுவானாலும் அப்போது வையுங்கள். இப்போது தவக்காலத் தியானத்தை நல்ல மீன்பாடு உள்ள நாளில் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024இல் சிறைப்பட்ட படகோட்டிகளை விடுவிக்கக் கேட்டு, கச்சத்தீவுத் திருவிழாவுக்கு நாங்கள் போகவில்லை. 1974 ஒப்பந்தத்தின்படி விசா இல்லாமலே போகலாம் என்ற உரிமை இருந்தும் போகவில்லை. அது எங்களுக்கு எளிதான முடிவு அல்ல. அந்தோணியாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கரையில் இருந்தோம். ஒரு திருவிழா கடல் தொழிலோடும் அரசியலோடும் இவ்வளவு பிணைந்திருக்கும் இடத்தில், கடல் தொழிலைத் தெரிந்துகொள்ளாத எந்தத் திட்டமும் நிற்காது.

கேள்வி கேட்டவர்: பங்குப்பேரவை இளைஞர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. எல்லாப் பதில்களையும் அச்செடுத்துப் பங்குத்தந்தையிடம் கொடுத்தேன். முன்னாள் உறுப்பினர் எழுதியதை அவர் இரண்டு முறை வாசித்தார்.

வரைவில் திருப்பலி முறையைத் தொடவில்லை. இறந்தவர்களுக்கான மன்றாட்டும் அப்படியே இருக்கும். கடலில் மறைந்தவர்களின் பெயர்களை நவம்பர் மாதம் முழுவதும் வாசிக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்த்திருக்கிறேன். நவநாளின் நீளம், டிரம்ஸ், திரை ஆகியவற்றைப் பாடற்குழுவும் திருவிழாக் குழுவும் பேசி முடிவுசெய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வியாகுலப் பிரசங்கத்தை நிறுத்த வேண்டாம், ஆனால் இளைஞர்களும் முறை வைத்து வாசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். வரைவின் பெரும் பகுதி அன்பியத்தைப் பற்றியது: வரி வசூலை அன்பியக் கூட்டத்திலிருந்து முழுவதுமாகப் பிரிப்பது, ஒவ்வொரு கூட்டத்திலும் அதிகம் படிக்காதவர் உட்பட எவராவது ஒருவர் நற்செய்திப் பகுதியை வாசித்துத் தம் கருத்தைச் சொல்வது, சிறைப்பட்ட, காணாமல் போன மீனவர் குடும்பங்களுக்கு அன்றைக்கே போய் நிற்கவும் மனு எழுதவும் இரண்டு பேரைப் பொறுப்பாக நியமிப்பது. பாம்பன் அக்கா சம்மதித்தால் அந்தப் பொறுப்பை எப்படி நடத்துவது என்பதைப் பற்றி எங்கள் பெண்களிடம் வந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாலைத் திருப்பலியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பங்குத்தந்தை கிளைக் கிராமங்கள் இரண்டுக்கும் ஞாயிறன்று போக வேண்டியிருப்பதால், காலைத் திருப்பலியோடு மாலையும் சேர்ந்தால் அவருக்குப் பெரும் சுமையாகும். படகு உரிமையாளர் ஐயா இதற்கு ஏதேனும் வழி சொல்ல முடியுமா?

பதில்: விசைப்படகு உரிமையாளர், ராமேஸ்வரம்

காலைத் திருப்பலியைக் கிளைக் கிராமங்களுக்கு விட்டுவிட்டு, தாய்க் கோவிலில் மாலை மட்டும் வைத்துப் பாருங்கள். கடலுக்குப் போகாத முதியவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். அவர்களிடம் பேரவையினர் வீடு வீடாகப் போய், யாருக்காக இந்த மாற்றம் என்பதை விளக்கிச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு நற்கருணையை வீட்டுக்கே கொண்டுபோகும் வழக்கம் இருக்கிறது. அதை ஞாயிறு காலையிலேயே செய்யலாம். தடைக்காலம் தொடங்கும்போது இதைத் தொடங்காதீர்கள், அப்போது எல்லாரும் கரையில் இருப்பதால் வித்தியாசம் தெரியாது. ஜூன் 15க்குப் பிறகு படகுகள் கடலுக்கு இறங்கும் வாரத்தில் தொடங்குங்கள்.